வேப்பமரத்தடியில் டி.என்.ஏ.

எங்கள் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர் ஞானசம்பந்தம், மீன் வாசம் மூக்கில் பட்டாலே தலைக்குக் குளிக்கிற ஆள். ஒருநாள் மத்தியானம் ஆய்வக உதவியாளர் பெர்பெத்தம்மாள் சாப்பாட்டு அறையில் நெத்திலிக் குழம்பைத் திறந்ததுதான் தாமதம், நோட்டீஸ் ஒட்டிவிட்டார்: ‘இந்தக் கட்டடத்துக்குள் மீனோ, மீனிலிருந்து எடுத்த பொருளோ எதுவும் இருக்கக் கூடாது.’ கருவாட்டுப் பொடிகூடத் தப்பிவிடக் கூடாதென்றுதான் அப்படி எழுதினார்.

“ஒண்ணு விடாம வெளியே போகணும். இல்லேன்னா நீ போகணும்!”

“சரிங்க சார்” என்றாள் பெர்பெத்தம்மாள்.

மறுநாள் தலைவர் தன் சோதனையைக் காட்ட வெளியூர் விஞ்ஞானிகள் மூன்று பேரை அழைத்துவந்தார். புது மருந்து டி.என்.ஏ.வோடு எப்படி ஒட்டுகிறது என்பதுதான் சோதனை. ஃப்ரீசரைத் திறந்தால் டி.என்.ஏ. பாட்டிலைக் காணோம்.

“பாட்டில் எங்கேம்மா?”

“வெளியே வேப்பமரத்தடியில, ஐஸ் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு சார். சால்மன் மீன்லேருந்து எடுத்ததுன்னு லேபிள்ல போட்டிருக்கே.”

வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

“அதுவும் மீனும் ஒண்ணா? எத்தனை தடவை கழுவி, சுத்தம் பண்ணி வந்தது தெரியுமா?”

“நெத்திலியும் அப்படித்தான் சார். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, கல்லுப்பு போட்டு மூணு தண்ணி கழுவினேன்.”

“சரி சரி, பாட்டிலை உள்ளே கொண்டா!”

“நோட்டீஸ் இருக்கே சார்.”

தலைவர் போய்த் தன் கையாலேயே அதைக் கிழித்தார். ஐஸ் பெட்டி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே பெர்பெத்தம்மாளின் தூக்குச்சட்டியும் வந்தது.