பலகைக்குப் பூசிய எண்ணெய்

ஒரு காட்டில் மரங்களைவிட வீடுகள் அதிகமாகிப்போய், கடைசியில் அது ஒரு நகரமாகவே ஆகிவிட்டது, பிள்ளைகளே. அந்த நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடியது. போன மழையில் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது. படகுகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இக்கரைக்காரர்கள் இக்கரையிலும் அக்கரைக்காரர்கள் அக்கரையிலும் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீர்நாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. இலவ மரத்தில் நீளமாக ஒரு பலகை செய்தான். ஒருவர் அதன்மேல் நின்றுகொண்டு, நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அக்கரைக்குப் போய்விடலாம். பலகை தயாரான அன்று முதல் ஆளாகப் படித்துறைக்கு வந்து நின்றாள் பூவாத்தாள் என்ற வெள்ளாடு.

அவளுக்கு அவசரம். அக்கரையில் அவளுடைய தங்கை செவந்திக்குத் தலைப்பிரசவம். அம்மா இல்லாத பெண். "குட்டி பிறக்கும்போது நான் உன் தலைமாட்டுல இருப்பேன்டி" என்று பூவாத்தாள் வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று விடிந்ததும் காக்கை பறந்து வந்து, "வலி கண்டிருச்சு. அக்கா எங்கே, அக்கா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"உட்கார்ந்துக்கிட்டே போகக் கூடாதா தம்பி?" என்று பலகையைச் சந்தேகமாகப் பார்த்தாள் பூவாத்தாள்.

"நடு ஆத்துல இழுப்பு ஜாஸ்தி அக்கா. நின்னு ஆழமா துடுப்புப் போட்டாத்தான் பலகை நம்ம பேச்சைக் கேக்கும். பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே நீந்தி வர்றேன். முதல்ல முட்டி போடுங்க. அப்புறம் மெல்ல எழுந்திருங்க. காலைப் பார்க்காதீங்க, அக்கரையைப் பாருங்க."

பூவாத்தாள் முட்டி போட்டாள். எழுந்தாள். தொபுக்கென்று விழுந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் காதுவரை நனைந்துவிட்டது. மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். அதற்கடுத்த முறை கால்கள் நடுநடுங்கினாலும் நின்றுவிட்டாள். குளம்பு வைக்க இடமில்லாத பாறை விளிம்பில் நின்று இலை தின்கிறவளுக்குப் பலகை பிடிபட எவ்வளவு நேரமாகும்?

"அவ்வளவுதான் அக்கா! கிளம்பலாம்" என்றான் நீர்நாய்.

"நில்லுங்க, நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

படிகளில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மயிலார் இறங்கி வந்தார். ஊரில் குழாய் திறந்தாலும் சரி, கூடு கட்டினாலும் சரி, மயிலார் வந்து முறை செய்தாக வேண்டும். அவருக்குப் பின்னால் சந்தனக் கிண்ணம், எண்ணெய்க் குடம், மாலை எல்லாம் வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஊரே வந்தது.

"புதுப் பலகையைப் பூஜை போடாம ஆத்துல இறக்குறதா? என்னப்பா நீர்நாய், விவரம் தெரியாத பயலா இருக்கியே!"

"போட்டுடலாம்ங்க" என்றான் நீர்நாய். அவனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

"எனக்கு நேரமாச்சுங்க. தங்கச்சிக்கு வலி கண்டிருக்கு" என்றாள் பூவாத்தாள்.

"ரெண்டே நிமிஷம்மா. நல்லது நடக்கணும்னுதானே செய்யுறோம்?"

பலகையைக் கரையில் ஏற்றினார்கள். முனையில் மாலை கட்டினார்கள். மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அத்துடன் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மயிலார் நல்லெண்ணெயை எடுத்து, பலகையின் தலை முதல் வால் வரை வழித்து வழித்துப் பூசினார். பலகை கண்ணாடிபோல் மின்னியது. கூட்டம் கைதட்டியது.

பலகை தண்ணீருக்கு வந்தது. பூவாத்தாள் முட்டி போட்டாள். எழுந்து ஒரு குளம்பை ஊன்றினாள். அது தெற்கே போனது, மற்றது வடக்கே போனது. அவள் தண்ணீருக்குள் போனாள்.

"ஐயய்யோ!" என்றது கூட்டம்.

"இப்பத்தானே நல்லா நின்னா! எல்லாரும் பார்த்தீங்கல்ல? கண்ணு பட்டுருச்சு" என்றார் மயிலார்.

பூவாத்தாள் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு எழுந்தாள். "கண்ணும் இல்ல, காதும் இல்லங்க. எண்ணெய் வழுக்குது."

"எண்ணெய் மங்களம்மா. மங்களம் எப்படி வழுக்கும்?"

பூவாத்தாள் நீர்நாயைப் பார்த்தாள். நீர்நாய் ஆற்றைப் பார்த்தான்.

பூசணிக்காய் வந்தது. மயிலார் அதைப் பலகைக்குச் சுற்றி, பலகையின் நடுவிலேயே உடைத்தார். சதையும் விதையும் எண்ணெயோடு சேர்ந்து கொழகொழவென்று பரவின. பூவாத்தாள் ஏறினாள். இந்தத் தடவை எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. முட்டி போட்ட நிலையிலேயே சறுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் விழுந்தாள்.

"இடுப்பை ஆட்டாதே!" என்று மரத்திலிருந்து குரங்கு கத்தினான். அவன் பிறந்ததிலிருந்து தண்ணீரில் கால் வைத்ததில்லை.

"மூச்சை அடக்கு!" என்றான் பன்றி.

"எண்ணெய் போதலைன்னு நினைக்கிறேன்" என்றார் மயிலார். இன்னொரு குடம் வந்தது.

பூவாத்தாளுக்குத் தாடி விறைத்தது. இந்த ஊரில் ஒருத்தராவது பலகையில் ஏறிப் பார்த்தார்களா? எண்ணெயில் குளம்பு வைத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்காவது தெரியுமா? பாலத்தை அடித்துக்கொண்டு போன வெள்ளம் இந்த எண்ணெய்க் குடங்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

"மயிலாரே, அந்த எண்ணெயைத் துடைச்சு விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள்.

"பூசினதைத் துடைக்கிறதா! அபசகுனம்! நீயே பிரசவ வீட்டுக்குப் போறவ, வாயில நல்ல வார்த்தை வரட்டும்."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம்.

அப்போது காக்கை மறுபடி பறந்து வந்து படியில் உட்கார்ந்தான். "பூவாத்தாக்கா! இன்னுமா நீ இங்கேயே இருக்கே? வலி கூடிப்போச்சு. அழுதுக்கிட்டே ஆத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கா."

முட்டித் தள்ளிவிட்டுப் போகலாமா என்று பூவாத்தாள் ஒரு கணம் நினைத்தாள். கொம்பு இருக்கிறது, எதிரே மயிலாரும் இருக்கிறார். ஆனால் முட்டினால் பஞ்சாயத்து வைப்பார்கள். பஞ்சாயத்து என்றால் பொழுது சாய்ந்துவிடும். இவர்களோடு பேசிப் பயனில்லை. இவர்கள் காதில் எது ஏறுமோ அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பணிவான முகத்தோடு மயிலார் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க சொன்னது சரிதான். இது சாதாரணக் கண்ணு இல்ல. இதுக்கு எங்க ஆட்டு இனத்துல ஒரு முறை உண்டு. எல்லாராலயும் செய்ய முடியாது, பெரியவங்க கைபடணும். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

மயிலாரின் தோகை தானாக விரிந்தது. "தெரியும், தெரியும். இருந்தாலும் நீயே சொல்லு, இவங்களும் கேக்கட்டும்."

"மண் கழிப்புங்க. சாம்பலையும் ஆத்து மணலையும் கலந்து பலகை முழுக்கப் போட்டு அழுத்தித் தேய்க்கணும். கை வலிக்க வலிக்கத் தேய்க்கணும், அப்பத்தான் கண்ணு இறங்கும். பிறகு ஆத்துத் தண்ணியால அடிச்சுக் கழுவிடணும்."

"அதேதான்! நானே சொல்லணும்னு இருந்தேன்!" என்று மயிலார் துள்ளினார். "என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? சாம்பலைக் கொண்டாங்க!"

ஊரே பலகைமேல் விழுந்தது. குரங்கு தேய்த்தான், பன்றி தேய்த்தான், மயிலார் மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டு மணல் தூவினார். எண்ணெய், பூசணி, சந்தனம் எல்லாம் சாம்பலோடு திரண்டு ஆற்றில் போயின. கழுவி முடித்தபோது இலவம் பலகை சொரசொரவென்று இருந்தது.

மயிலாரின் கை பழக்கதோஷத்தில் குடத்தின் பக்கம் போனது. "கடைசியா ஒரு சொட்டு..."

"தொடாதீங்க!" என்று பூவாத்தாள் போட்ட கத்தலில், மரத்துக்குத் திரும்பியிருந்த குரங்கு கிளையை விட்டுவிட்டான். "கழிச்ச பிறகு எண்ணெய் பட்டா, கழிச்ச கண்ணு பூசினவங்க மேலேயே ஏறும்."

மயிலார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பூவாத்தாள் முட்டி போட்டாள். எழுந்தாள். குளம்புகள் பலகையைப் பிடித்தன. துடுப்பைத் தண்ணீரில் இறக்கித் தள்ளினாள். படித்துறை பின்னால் போனது. நடு ஆற்றில் இழுப்பு வந்து பலகையை உலுக்கியபோது கீழே பார்க்கத் தோன்றியது.

"அக்கரை, அக்கா! அக்கரை!" என்றான் பக்கத்தில் நீந்திய நீர்நாய்.

"இப்ப நல்லா வாய் திறக்குதே உனக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் அக்கரையைப் பார்த்தாள். ஆழமாகத் துடுப்புப் போட்டாள். பலகை திரும்பி நேராக ஓடியது. கரை முட்டியதும் துடுப்பைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடினாள்.

வேலமரத்தடியில் செவந்தி படுத்திருந்தாள். அவள் மடியில் ஈரம் காயாத ஒரு குட்டி, வாலை ஆட்டிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. பூவாத்தாளுக்கு அப்படியே கால் நின்றுவிட்டது.

"வந்துட்டியாக்கா?" என்றாள் செவந்தி. குரல் கம்மியிருந்தது. "ரொம்ப பயந்துட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சு."

பூவாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கையின் நெற்றியை நக்கிக் கொடுத்தாள். ஆற்றுக்கு அப்பால் கூட்டம் மயிலாருக்கு மாலை போட்டு ஆரவாரம் செய்யும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்? ஆறு அவ்வளவு அகலமா?"

"ஆறு அகலம் இல்லடி" என்றாள் பூவாத்தாள். "கரைதான் அகலம்."

நீதி: குறையைத் துடைக்காமல் கண்ணேறு கழித்தால், குறைதான் கூடும்.