உடைந்த முறுக்கும் இளவட்டக்கல்லும்

"நான் சாப்பிடுததே இல்ல. ஆனாலும் இடுப்பு பெருத்துக்கிட்டே போகுது. கையில கால்ல சத்தும் கிடையாது. இது என்ன நியாயம்?"

சந்தனமாரி இப்படிக் கேட்டது பிரம்மசக்தியிடம். கேட்ட இடம் உப்பளத்து வரப்பு.

பிரம்மசக்தி தலையில் இருந்த உப்புக் கூடையை இறக்கி வைத்தாள். வியர்வையைத் துடைத்தாள்.

அவளுக்கு வயது இருபத்தேழு. கேட்டவளுக்கு முப்பத்தொன்பது. சின்னவளைத் தேடி மூத்தவள் வந்ததற்குக் காரணம் ஒரு கல்.

அந்த ஊர்க் கோயில் களத்தில் உருண்டையாக, வழவழவென்று இளவட்டக்கற்கள் கிடக்கும். பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடையாது. பொங்கலுக்கு மறுநாள் குத்தவைத்து அதைக் கட்டிப்பிடித்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றி, முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். பெண்களுக்கென்று நாற்பத்தைந்து கிலோவில் தனிக் கல். பிரம்மசக்தி அதை மூன்று பொங்கல் போட்டவள். மூன்று தடவை போட்டவர் ஒதுங்கி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

போன பொங்கலுக்குச் சந்தனமாரி இறங்கினாள். கல் முழங்கால் வரைக்கும் வந்தது. பிறகு வழுக்கிப் பொத்தென்று விழுந்தது.

"முறுக்கு தின்னு வளர்ந்த உடம்புல்லா" என்று அவள் நாத்தனாரே கூட்டத்தில் நின்று சொன்னாள். ஊரே சிரித்தது. சந்தனமாரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஆத்திரத்தில் அம்மன் முன்னால் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். "அடுத்த பொங்கலுக்கு இதைத் தூக்கலைன்னா இனி இந்தக் களத்துல நான் காலே வைக்க மாட்டேன்."

சொன்னது சொன்னதுதான். இப்போது அந்தப் பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாசம்.

"என்னக்கா சாப்பிடுதீங்க?" என்றாள் பிரம்மசக்தி.

"காலையில ஒண்ணும் இல்ல. மத்தியானம் மூணு கரண்டி சோறு, ரசம். ராத்திரி பட்டினி."

"வேற?"

"வேற என்ன? அவ்வளவுதான். அம்மன் மேல சத்தியம்."

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

பிரம்மசக்தி ஒரு தூக்குவாளியைக் கழுவிக் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள், சோறு தவிர வாய்க்குப் போக இருக்கதையெல்லாம் வாயில போடாம இதுல போடுங்க. சாயந்திரம் கொண்டுவாங்க."

"எங்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லையே."

"இல்லைன்னா காலி வாளியாக் கொண்டுவாங்க."

"டீ குடிப்பேனே?"

"டீயில போடுத சீனியை இதுல போடுங்க."

சந்தனமாரி பலகாரக் கடைக்கு முறுக்கு சுற்றிப் போடுகிறவள். விடிந்தால் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். முறுக்கு சுடுகிற வீட்டில் உடைந்த முறுக்கு யார் கணக்கிலும் வராது. கடைக்காரன் எடுக்க மாட்டான், குப்பையில் கொட்டவும் மனசு வராது. கைக்கு வந்தது வாய்க்குப் போகும். அதைச் சாப்பாடு என்று யார் சொல்வார்கள்?

மறுநாள் சாயந்திரம் வந்தாள். தூக்குவாளியின் மூடி மூடவில்லை. உடைந்த முறுக்கு, அதிரசத்தின் ஓரம், பதம் பார்க்க எடுத்த சீடை, நாலு ரஸ்க், எல்லாவற்றின் மேலும் ஆறு டீயின் சீனி.

அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. "உடைஞ்சதுதானே… வீணாப் போகுமேன்னு…"

பிரம்மசக்தி வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். தன் சாப்பாட்டைத் திறந்தாள். கேப்பைக் களி, ஒரு கையில் அடங்காத உருண்டை. சாளை மீன் குழம்பு. முருங்கைக்கீரை. ரெண்டு அவித்த முட்டை. மொத்தத்தையும் மூத்தவள் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க."

"இவ்வளவா? ஊதிப் போயிருவேன்."

"கல்லைத் தூக்கணுமா, வேண்டாமா?"

சந்தனமாரி பயந்து பயந்து ஒரு வாய் வைத்தாள். அப்புறம் பயத்தை மறந்தாள். குழம்பை வழித்து நக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வயிறு நிறைந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"நாளையிலேருந்து மூணு வேளையும் இப்படி. உட்கார்ந்து, தட்டுல போட்டு" என்றாள் பிரம்மசக்தி. "நடுவுல ஒண்ணும் கிடையாது."

அப்படியே செய்தாள். காலையில் மோர் விட்ட கம்மங்கூழும் அவித்த பயறும். மத்தியானம் வயிறாரச் சோறு, மீன், கீரை. உடைந்த முறுக்கைக் கோழிக்குப் போட்டாள். கோழிகளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

சாயந்திரமானால் உப்பளம். முதலில் கூடை சுமந்தாள். பிறகு மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பழகினாள். இருபது கிலோ, இருபத்தைந்து, முப்பது.

ஆறாவது வாரம் அரிசி மண்டிப் பக்கம் போனவள், மூட்டை நிறுக்கிற தராசைப் பார்த்ததும் சும்மா இருக்க மாட்டாமல் ஏறி நின்றாள். முன்பு நிறுத்ததைவிட ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

ஐயோ என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் களிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் முழுப் பட்டினி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் மணல் மூட்டை முழங்காலுக்கு வந்ததும் கண் இருட்டிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. எதுக்குச் சாப்பிடணும்? நீ சொன்னதைக் கேட்டு ஒன்றரைக் கிலோ ஏறிட்டேன். என்னைப் பார்த்துத் திரும்பவும் ஊர் சிரிக்கணும், அதானே?"

கோபத்தில் கத்தியே விட்டாள். இளையவள் அவள் இடுப்பைப் பார்த்தாள்.

"பாவாடை நாடாவை எங்க முடிச்சுப் போடுதீங்க அக்கா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"பாருங்க."

சந்தனமாரி வேண்டாவெறுப்பாகச் சேலை மடிப்பை விலக்கிப் பார்த்தாள். பழைய முடிச்சு அழுத்திச் சுருங்கிப்போன இடம், புது முடிச்சுக்கு வெளியே இரண்டு விரக்கடை தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. தினம் அவள் கைதான் முடிச்சுப் போட்டது. கண் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"இடுப்பு குறைஞ்சிருக்கே. அப்ப அந்த ஒன்றரைக் கிலோ எங்க போச்சு?"

பிரம்மசக்தி மணல் மூட்டையை அவள் பக்கம் காலால் தள்ளினாள்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வந்து இதைத் தூக்குங்க."

போனாள். சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து மூட்டையைக் கட்டிப்பிடித்தாள். அது நெஞ்சுக்கு ஏறிற்று. தோளுக்கு ஏறிற்று.

மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள், "புரிஞ்சுது வாத்தியாரம்மா."

அதுவரைக்கும் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் களம் நிரம்பி வழிந்தது. நாத்தனார் முன் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். சந்தனமாரி பெயரை வாசித்ததும் அங்கங்கே கிசுகிசுப்பு.

முந்தானையை இழுத்துச் செருகினாள். குத்தவைத்தாள். கல்லைக் கட்டிப்பிடித்தாள்.

முழங்கால் வரைக்கும் வந்தது. போன வருஷம் விழுந்த இடம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் கை நழுவவில்லை.

நெஞ்சு.

தோள். அங்கே ஒரு நொடி நின்றது. தொடை இரண்டும் தூண் மாதிரி ஊன்றியிருந்தன.

முதுகுக்குப் பின்னால் மண் அதிர்ந்தது.

முதல் குலவை யாருடையது என்று தெரியாது. அப்புறம் களத்திலிருந்த அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். நாத்தனாரும்தான். வேறு என்ன செய்வாள்?

சந்தனமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழுந்து கிடந்த கல்லைக் குனிந்து ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

ஊர்த் தலைவர் சுடலையாண்டி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். ஆண்களுக்கான முதல் கல்லைக் காட்டினார். அறுபது கிலோ.

"எந்தப் பொம்பளையும் இதுவரை இதைத் தொட்டதில்ல. தூக்கிப் பாக்கியா தாயி?"

சந்தனமாரி திரும்பி வாத்தியாரம்மாவைப் பார்த்தாள். வாத்தியாரம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஊரே கேட்கும்படி சொன்னாள்.

"தூக்கிருவோம் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க, வயிறாரச் சாப்பிட்டுட்டு வந்திருதேன்."