ஓணானின் தொண்டை சிவந்த கதை

உங்களிடம் யாராவது வழி கேட்டு, உங்களுக்கே வழி தெரியாதபோதும், "நேராப் போங்க, வந்துடும்" என்று கை காட்டி அனுப்பியிருக்கிறீர்களா? பொய் சொல்ல வேண்டாம், நானும் அனுப்பியிருக்கிறேன். அதை முதன்முதலில் செய்தது ஓர் ஓணான்.

மிருகமும் பறவையும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செங்கரடு என்று ஒரு மலைத்தொடர் இருந்தது. மரம் கிடையாது. பாறை மேல் பாறை, நடுநடுவே பிளவு, காலை வைத்தால் உருளும் கல். அங்கே உச்சிப்பாறை ஒன்றில் ஓர் ஓணான் நாள் முழுக்க வெயில் காயும். உடம்பு, தொண்டை எல்லாம் அப்போது ஒரே சாம்பல் நிறம். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதற்குத் தெரியாத வழியா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் அதனிடம்தான் கேட்பார்கள். அதுவும் 'தெரியாது' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு கோடையில் குப்பாத்தா என்ற பெண் அந்த மலைக்கு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சுற்றுப் பாதையில் போயிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து வீட்டு வாசலில் நின்று நீலமாகப் பார்த்த மலையைக் கிட்டே பார்க்க அவளுக்கு ஆசை. கிட்டே வந்தால் மலை செக்கச்செவேல் என்று இருந்தது.

"அடேயப்பா, இத்தனை நாளா ஏமாத்திட்டியே!" என்று மலையைப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பில் இருந்த ஒன்றரை வயது மகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

பாதி மலையில் கால் சறுக்கியது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர்ச் சுரைக்குடுவை பாறையில் மோதி உடைந்துபோனது. கொட்டிய தண்ணீரைக் கல் உறிஞ்சிக்கொண்டது. வெயில் ஏறியது. பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. உச்சிக்கு ஏறி வந்தபோதுதான் ஓணானைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இங்கே பக்கத்தில தண்ணி இருக்குங்களா? பிள்ளைக்கு நாக்கு வறண்டுபோச்சு."

ஓணான் அந்தப் பாறையை விட்டு எங்குமே போனதில்லை. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாராளமா இருக்கு அம்மணி. அதோ அந்தப் பிளவுக்குள்ள நேராப் போ" என்றது.

அவள் நம்பிப் போனாள். சற்று நேரத்தில் பாறைக்கு அடியிலிருந்து ஒரு கௌதாரி அலகைத் துடைத்துக்கொண்டு வந்தது.

"யாரு மாமா அது, பிள்ளையோட அந்தப் பிளவுக்குள்ள போறது?"

"தண்ணி கேட்டா. நான்தான் அனுப்பினேன்."

"அங்கேயா? அது மூணு பக்கமும் மூடின பிளவாச்சே! சுனை உங்க பாறைக்கு அடியில இருக்கு. இப்பத்தான் குடிச்சுட்டு வர்றேன். மேலேயே உட்கார்ந்திருந்தா கீழே இருக்கிறது எப்படித் தெரியும்?" என்று திட்டிவிட்டு, கௌதாரி தன் குஞ்சுகளைத் தேடி ஓடியது.

ஓணான் பிளவுப் பக்கம் திரும்பியது. "அம்மணீ, திரும்பி வா!" என்று கத்தியது. சத்தம் நாலு பக்கப் பாறையிலும் மோதித் திரும்ப, குப்பாத்தாவுக்கு எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. அதுதான் அவளுக்கு அதிகப் பயம்.

ஓணான் விடவில்லை. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, ரத்தமாய்ச் சிவந்து, கடைசியில் குரலே போய்விட்டது. அப்புறமும் உச்சி முனையில் ஏறி நின்று, சிவந்த தொண்டை தெரிய நிமிர்வதும் பாறையடியைக் காட்டிக் குனிவதுமாக இருந்தது.

பிளவிலிருந்து திரும்பிய குப்பாத்தாவின் கண்ணில் அந்தச் சிவப்புப் பட்டது. தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொன்னா உங்க மகுடமா எறங்கிடும்? என் பிள்ளை போயிருந்தா?"

ஓணான் தலையை மட்டும் கீழே, கீழே என்று ஆட்டியது. அவள் குனிந்து பாறைக்கு அடியில் கையை விட்டாள். குளிர்ந்தது.

ஒரு கை தண்ணீர் உள்ளே போனதும் பிள்ளை கண்ணைத் திறந்தது. இரண்டாவது கைக்கு அம்மாவின் விரலைக் கடித்தது. குப்பாத்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தானும் வயிறு முட்டக் குடித்தாள். கோபமெல்லாம் அந்தத் தண்ணீரோடு இறங்கிவிட்டது.

அன்றைக்குப் போன குரல் ஓணானுக்குத் திரும்பவே இல்லை. அன்று முதல்தான் அது தொண்டை சிவக்க, உயரமான கல்லாகப் பார்த்து ஏறி நின்று, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் காரணம், கிளம்பும்போது குப்பாத்தா அதனிடம் கேட்டுக்கொண்டதுதான்:

"பத்து நாள்ல இதே வழியாத்தான் திரும்பி வருவேனுங்கண்ணா. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருக்கு, எனக்கு இந்த இடம் அடையாளம் தெரியாது. அதுவரைக்கும் இந்தச் சிவப்பு தெரிய இங்கேயே நில்லுங்க, எங்கேயும் போயிடாதீங்க."