நடவுக்காரிகளுக்குக் கோழிக்குழம்பு

ஊராட்சித் தலைவர் தில்லைநாயகத்தின் கொல்லையில் காலையில் மேய்ந்துகொண்டிருந்த வெடைக்கோழி, சட்டென்று சுருண்டு விழுந்து செத்துப்போனது. ஏன் செத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத எதற்கும் ஓர் ஏழையைக் கைகாட்டுவதுதானே வழக்கம்? தலைவர் தன் மாட்டுக்கொட்டகையைக் கூட்டும் செம்பாயியைக் கைகாட்டினார். அவள் குடிசை நின்ற இடத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மாலையில் பஞ்சாயத்து கூடியது.

"நீதான் விஷம் வெச்சிருக்கே. இல்லேன்னா அது எப்படிச் செத்துதுன்னு நீயே சொல்லு. சொல்ல முடியலையா, குடிசையைக் காலி பண்ணு" என்றார் தலைவர்.

"கோழியப் பாத்தாத்தானேங்க ஐயா சொல்ல முடியும். அது எங்கே?" என்றாள் செம்பாயி.

"அதை எதுக்கு வீணாக்கணும்? நடவுக்காரிகளுக்கு மத்தியானமே குழம்பு வெச்சு ஊத்தியாச்சு."

"விஷம் வெச்ச கோழின்னு தெரிஞ்சேவாங்க ஐயா? பதினோரு பொம்பளைங்க தின்னிருக்காங்களே."

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விஷமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஏதோ சீக்கு வந்து செத்திருக்கும்."

செம்பாயியின் குடிசை தப்பியது. சீக்குக் கோழியை மனுஷருக்குப் போட்டது என்ன நியாயம் என்று பஞ்சாயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது நடவுக்காரி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"கறிக்குழம்புன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்டி. உசுரோட இருக்கிற கோழிய நமக்கு எவன் அறுப்பான்?"