கோட்டுக்கு வெளியே நின்ற கை

"இந்தக் கையை நான் என்ன பண்றது, கோச்?"

எழிலரசி கேட்டாள். காலை ஆறு மணி. பெண்கள் பயிற்சிக்கு வந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது.



பிரிசில்லா அந்தக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். எழிலரசி துணைப் பயிற்சியாளராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வயதில் மட்டும் எழிலரசி ஒரு வருஷம் மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவைக் கோச் என்பாள்.

முந்தின நாள் மாலை நடந்தது ஊருக்கே தெரியும்.

இரண்டு அணியும் சமம். பதினோரு வினாடி பாக்கி. பந்து கோட்டைத் தாண்டப் போனது. அதைப் பிடிக்க இவர்கள் அணியின் முத்துமாரி பாய்ந்து வந்தாள். கோட்டுக்கு வெளியே நின்ற எழிலரசி ஓர் அடி உள்ளே வைத்து, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துவிட்டாள்.

பிடித்ததோடு விட்டாளா? முட்டியை மடக்கி, கூடையை வேறு நிமிர்ந்து பார்த்தாள்.

விசில் ஊதியது. ஆட்டத்தில் இருக்கிற பந்தைப் பயிற்சியாளர் தொட்டால் குற்றம். எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிய ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். அந்த ஒரு புள்ளியில்தான் தோல்வி.

முத்துமாரி அழவில்லை, கத்தவில்லை. "எனக்கு எட்டியிருக்கும்க்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

"வேணும்னு செய்யல கோச்."

"தெரியும்."

"முட்டி போச்சு, ஆடறதும் போச்சு. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. இந்தக் கைக்குத்தான் யாரும் சொல்லல. பதினெட்டு வருஷம் ஆடின கை."

பிரிசில்லா மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல கூட பந்து தட்டுறேன். பக்கத்துல படுத்திருக்கற மனுஷன் எழுந்து உக்காந்துடறார்."

அதற்குப் பிரிசில்லா லேசாகச் சிரித்தாள்.

"ஆசையா இருக்கு கோச். ஒரே ஒரு தடவை, ஆள் நிறைஞ்ச கோர்ட்ல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். இந்த ஆசையை வச்சுக்கிட்டு நான் யாருக்குச் சொல்லிக் கொடுக்க? பழைய ஆபீஸ் நாற்காலிக்கே போயிடறேன்."

கடிதத்தை நீட்டினாள். வாங்க ஆளில்லை.

பிரிசில்லாவின் கைகள் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் இருந்தன. எந்த ஆட்டமானாலும் அப்படித்தான் நிற்பாள். பத்திரிகைக்காரர்கள் அதை நிதானம் என்று எழுதுவார்கள். பெண்கள் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று வயதில் கணுக்கால் நொறுங்கி ஆட்டத்தை விட்டவள் அவள். அவள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எப்போ கோச் விட்டுச்சு, அந்த ஆசை?"

"இன்னிக்கு என் பக்கத்துல நிக்க வேணாம்க்கா. பின்னால நில்லுங்க."

"தண்டனையா?"

"நில்லுங்களேன்."

எழிலரசி பின்னால் போய் நின்றாள். விசில் ஊதியது. பெண்கள் இரண்டாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் பார்த்தாள்.

பிரிசில்லாவின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கறுப்பு ஹேர்பேண்ட், மூன்று சுற்று.

பந்து இந்தப் பக்கம் உருண்டு வந்தது. பிரிசில்லாவின் முகம் தெரியவில்லை. தோள் அசையவில்லை. ஹேர்பேண்ட் மட்டும் விண்ணென்று இழுபட்டது. கட்டைவிரல்கள் சிவந்து, பிறகு வெளுத்தன.

முத்துமாரி விழுந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹேர்பேண்ட் மெல்லத் தளர்ந்தது.



"எத்தனை வருஷமா கோச்?"

"பன்னெண்டு." பிரிசில்லா திரும்பவில்லை.

"இன்னுமா விடல?"

"நேத்து அந்தப் பந்துக்கு ஒரு பேண்ட் அறுந்தேபோச்சு. நல்லவேளை, நீங்க முந்திட்டீங்க."

கடிதம் பாக்கெட்டுக்குள் போனது. எழிலரசி தன் கொண்டையிலிருந்த ஹேர்பேண்டை உருவினாள். முடி தோளில் விழுந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தட்டுத்தடுமாறி, முதல் சுற்றுச் சுற்றினாள்.