சிங்க முத்திரைப் பூட்டு

மாங்குளத்தூர் ராஜா வீரகேசரி சண்டை போட்டே கஜானாவைக் காலி செய்தவர். காலியான பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. "நமக்கு வேண்டியதை இனி நாமே செய்வோம். காசும் ஊரிலே நிற்கும், கைக்கு வேலையும் கிடைக்கும்" என்று பறை அறைவித்தார்.

வணிக மந்திரி திருமேனிநாதர் மிச்சமிருந்த பொன்னை வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய பூட்டுப் பட்டறை கட்டினார். கப்பலில் வந்து இறங்கும் சீமைப் பூட்டுகளில், சீமை முத்திரையின் மேலேயே மாங்குளத்தூர்ச் சிங்க முத்திரையைக் குத்துவதுதான் அங்கே நடந்த ஒரே வேலை. இது ஊருக்கே தெரியும். ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது?

கட்டிய சூட்டோடு மந்திரி அடுத்த காயை நகர்த்தினார். "கொல்லர் தெருவை இடித்துக் கொடுத்தால் பட்டறையைப் பெரிதாக்கிவிடலாம், மகாராஜா."

ராஜா தலையாட்டப் போனார். அவைப் புலவன் மருதவாணனுக்கு அது பொறுக்கவில்லை. கொல்லர்கள் குடியிருப்பதும் அங்கேதான், பிழைப்பதும் அங்கேதான். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நல்ல யோசனை. பட்டறைப் பூஜை விழாவிலேயே உத்தரவு போட்டுவிடுங்கள்."

விழா நாளன்று மந்திரி தன் ஆட்களோடு உள்ளே போய்ப் பூஜை போட்டார். ராஜாவோடு வெளியே நின்ற மருதவாணன் கதவைச் சாத்தினான். முத்திரைப் பூட்டு ஒன்றை மாட்டிப் பூட்டினான். சாவியைத் தூக்கிக் கிணற்றில் போட்டான்.

"என்னடா செய்தாய்?" என்று ராஜா சீறினார்.

"பூட்டு செய்கிறவர்கள் உள்ளேதானே இருக்கிறார்கள், மகாராஜா? ஒரு சாவி செய்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டட்டும். அது பூட்டைத் திறந்தால் என் தலையை வாங்கிக்கொள்ளுங்கள்."

உள்ளே டங் டங்கென்று ஒரே சத்தம். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஜன்னல் வழியாக ஓர் இரும்புத் துண்டு வந்தது. இரண்டு பக்கமும் சிங்கம் அழகாகத்தான் இருந்தது. சாவிக்குப் பல்தான் இல்லை.

"என்ன மந்திரியாரே, பல்லுள்ள சாவி எப்போது வரும்?" என்றார் ராஜா.

பசி மந்திரியின் வாயைத் திறந்துவிட்டது. "அடுத்த கப்பல் வர ஒரு மாதமாகும், மகாராஜா."

ராஜாவின் முகம் கறுத்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கொல்லர் தெருவிலிருந்து ஆட்கள் வந்து, சாவி செய்து பூட்டைத் திறந்தார்கள். பட்டறை அன்றே அவர்கள் கைக்குப் போனது. மந்திரி அதே பட்டறையில் துருத்தி ஊதப் போனார்.

அடுத்த வருஷம் மாங்குளத்தூர்ப் பூட்டு வெளிதேசத்துக்குக் கப்பலேறியது. அன்றைக்கு ராஜா மருதவாணனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"எதைக் கொடுத்தாலும் சரி, மகாராஜா. சிங்க முத்திரையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்."