இருவாச்சியின் தொண்டையில் இருந்த பழங்கள்

ஓடைக்கரை அத்திமரம் பழுத்துவிட்டால் அந்தக் காட்டில் பகை கிடையாது. கரடி, குரங்கு, மரநாய், மலை அணில், பறவைகள் எல்லாம் ஒரே மரத்தில் பழம் தின்னும். ஒரே மரத்தில் தின்கிறவர்கள் ஒருவரையொருவர் கொல்லக் கூடாது. கொன்றால் மரணம். அதுதான் அந்த மரத்தின் சட்டம்.

சட்டம் போட்டவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொல்லும் வேலையை, பழமே தின்னாத கழுகிடம் விட்டிருந்தார்கள். குற்றவாளியைக் கட்டிப் பாறையில் நிறுத்துவார்கள். தலைவர் கரடியார் ஒரு உறுமல் உறுமுவார். உடனே எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். கழுகு வந்து போன பிறகுதான் முகத்தைத் திருப்பலாம். யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் கொல்லவில்லை! இப்படி ஒரு சௌகரியம் அவர்களுக்கு.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. அத்திக்காய்கள் பாதிக்குமேல் வெம்பி உதிர்ந்தன. எல்லோருக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

ஒருநாள் மருதி என்ற மலை அணில் இரை தேடிவிட்டுக் கூட்டுக்குத் திரும்பினாள். கூடு கலைந்து கிடந்தது. அவளுடைய ஒரே பிள்ளையைக் காணோம். கூட்டின் ஓரத்தில் வெள்ளை நுனி வைத்த கறுப்புச் சிறகு ஒன்று சிக்கியிருந்தது. அப்படிச் சிறகு உள்ளவன் அந்தப் பக்கத்தில் ஒருவன்தான். கொங்கன் என்ற இருவாச்சிப் பறவை.

மருதி போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. அத்திமரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த கொங்கனைக் குரங்குகள் பிடித்துக் கொடியால் கட்டி இழுத்துவந்தன.

"கொங்கா, மருதியோட பிள்ளையைக் கொன்னது நீயா?" என்று கேட்டார் கரடியார்.

"நான்தான்," என்றான் கொங்கன். குரல் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் வந்தது. பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஏன் கொன்னே?"

கொங்கன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். முன்வரிசையில் மரநாய் தன் நகங்களை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பறவைக் குஞ்சைத் தின்பதென்றால் அவனுக்கு உயிர். கொங்கன் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

"பசி," என்றான் கடைசியில்.

"பசி எங்களுக்கு இல்லையா? நாங்க யாரையாவது கொன்னோமா?" என்று அதட்டினார் கரடியார்.

"தப்புதான். தண்டனை வேணாம்னு நான் சொல்லல. முதல் மழை விழற வரைக்கும் என்னை விட்டுவைங்க. அப்புறம் நானே வந்து இந்தப் பாறையில நிக்கிறேன்."

"மழை வரைக்கும் எதுக்கு?"

"அதை இங்க சொல்ல முடியாது."

கூட்டம் சிரித்தது. கருமந்திக் குரங்கு மட்டும் தயங்கித் தயங்கிப் பேசியது. "உயிரை எடுத்துத்தான் ஆகணுமா? ஓடைக்கு அக்கரையில துரத்திவிட்டுடலாமே. இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதுன்னு சொல்லிடலாம்."

அதைக் கேட்டதும் கொங்கன் முகம் மலர்ந்ததை மருதி பார்த்தாள்.

"இவன் அக்கரையில நல்லா இருப்பான். எம்புள்ள எந்தக் கரையில இருக்கான்? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள்.

பெற்றவள் கேட்கிறாள். கரடியார் உறுமினார்.

எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். மருதி திரும்பவில்லை. அவன் சாவதைக் கண்ணாரப் பார்த்தால் நெஞ்சு ஆறும் என்று நம்பினாள், பாவம். கொங்கன் மேற்கே ஒரு தடவை பார்த்தான். கழுகு இறங்கியது. அவன் தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் உருண்டன. ஒரு கீறல்கூட இல்லாத முழுப் பழங்கள்.

மருதி கூட்டுக்குப் போனாள். கூடு காலியாகத்தான் இருந்தது. கொங்கன் செத்ததால் அதில் ஒன்றும் மாறிவிடவில்லை. இது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். துக்கத்தில் யாருக்கு என்ன தெரிகிறது?

அதோடு அந்தப் பழங்கள் வேறு அவளைத் தூங்கவிடவில்லை. பசி என்று சொன்னானே! பசித்தவன் தொண்டை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பானா? யாருக்காக வைத்திருந்தான்? கடைசியில் ஏன் மேற்கே பார்த்தான்?

பொறுக்க முடியாமல் ஒருநாள் மேற்கே கிளம்பினாள். வழியில் ஒரு பெரிய அயினி மரம். அதற்குள்ளிருந்து 'டக்... டக்' என்று சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தாள். மரப்பொந்தின் வாயைச் சேறு பூசி அடைத்திருந்தது. நடுவில் ஒரு சின்னக் கீறல். அதன் வழியாக மஞ்சள் அலகின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய்ச் சேற்றால் வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. மழை வந்து குஞ்சுகள் தேறும்வரை ஆண் பறவைதான் தொண்டையில் பழம் சுமந்துவந்து ஊட்ட வேண்டும். இடம் தெரிந்தால் மரநாய் சட்டத்தையும் மீறி, யாருக்கும் தெரியாமல் குஞ்சுகளைத் தின்றுவிடுவான். அதனால் யாரிடமும் மூச்சுவிட மாட்டார்கள்.

கிளையில் அரவம் கேட்டதும் உள்ளேயிருந்து ஈனக் குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? ஏங்க இத்தனை நாளா வரல? பெரிய குஞ்சு பசி தாங்காம நேத்துப் போயிடுச்சுங்க. சின்னது மட்டும்தான் கெடக்கு. அன்னைக்குக் கறி கொண்டுவந்தீங்களே, அதைத் தின்னுதான் அது கண்ணையே தொறந்துச்சு."

அந்தக் கறி எது என்று மருதிக்குத் தெரியும். திரும்பிப் போகத்தான் நினைத்தாள். பாதி மரம் இறங்கியும்விட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அந்த அலகு அப்படியே திறந்தபடி காத்திருந்தது.

பெரிய குஞ்சு யாரைக் கொன்றது? அதற்கு மரண தண்டனை கொடுத்தது யார்? கரடியாரும் கழுகும் மட்டுமா? நான்தானே கேட்டு வாங்கினேன்! மருதி அங்கேயே குமுறிக் குமுறி அழுதாள். பிறகு போய் ஒரு காட்டுப்பழம் கொண்டுவந்து அந்த அலகில் வைத்தாள்.

மறுநாளும் போனாள். அதன் பிறகும் போனாள். கொங்கன் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. கோபத்தோடேயே பழம் சுமந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பேதை பேசுவதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்தாள்.

முதல் மழை விழுந்தது. தாய்ப் பறவை சேற்றுச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எதிரே ஓர் அணில் பழத்தோடு நின்றது.

"நீயா? இத்தனை நாளும் ஊட்டினது நீயா? அவர் எங்கே?"

"உன் புருஷன் எம்புள்ளையக் கொன்னான். நான் அவனைக் கொல்லச் சொன்னேன்," என்றாள் மருதி.

தாய்ப் பறவை திரும்பியது. குஞ்சைப் பார்த்தது. அன்றைக்கு வந்த கறி எது என்று அதற்குப் புரிந்துவிட்டது. இரண்டு தாய்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்றும் அறியாத குஞ்சு மட்டும் பொந்தின் ஓரத்துக்கு வந்து, மருதியைப் பார்த்து வாயைத் திறந்தது.

கொலைக்குத் தண்டனை வேண்டும்தான். ஆனால் கொன்றவனைக் கொன்றால் போன உயிர் திரும்புவதில்லை, போகக் கூடாத உயிரும் கூடவே போய்விடுகிறது.